கள்ளச் சொடுக்கும் நல்லவன் கூலியும்

கள்ள ஓட்டு என்றால் என்னவென்று, தோழர்களே, உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. வாக்குச்சாவடியில் வாக்காளர் பட்டியலை மடியில் விரித்துக்கொண்டு, வந்த தேநீர் ஆறிப்போவதையும் மறந்து, காலை முதல் மாலை வரை கண்கொட்டாமல் காவல் இருந்தவர்கள் நீங்கள். இறந்து போனவர் எழுந்து வந்து வாக்களித்த விந்தையைக் கண்டவர்கள். ஊரிலேயே இல்லாதவர் உள்ளே நுழைந்து மை வைக்க விரல் நீட்டிய வேடிக்கையைக் கண்டு, "யாரையா நீ?" என்று தடுத்து நிறுத்தியவர்கள்.

ஆனால் இன்று நான் சொல்லப்போகும் கள்ள ஓட்டு வேறு வகை. இதில் எதிரி தன் சின்னத்துக்குக் குத்தவில்லை. உன் சின்னத்துக்கே குத்துகிறான்! பத்தல்ல, நூறல்ல, ஆயிரம் ஆயிரமாகக் குத்துகிறான்! உன்மீது அவனுக்கு அத்தனை அன்பா? உன்னை வெற்றி மேடையில் ஏற்றி மாலை சூட்டவா? அதுதான் இல்லை! எண்ணுகிற நேரத்தில், "பாருங்கள், இந்தப் பெட்டி நிறையக் கள்ள ஓட்டு! இவன் தேர்தலே செல்லாது!" என்று உன் நல்ல ஓட்டையும் சேர்த்துக் குப்பையில் கொட்ட வைக்க! நிரப்பியவன் அவன். கெட்ட பெயர் உனக்கு. செய்தவன் அவன். தண்டனை உனக்கு.

"இப்படியும் உண்டா?" என்று கேட்பீர்கள். உண்டு! இணையத்தில் உண்டு. கிளிக் என்று சொல்கிறோமே, அந்தச் சொடுக்கிலே உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேச்சு.

கோவையில் ஒரு தொழிலாளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுதும் பட்டறையில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். இரவில், கை கழுவி, சோறு உண்டு, பிள்ளைகள் உறங்கிய பிறகு, தாம் கற்ற தொழிலைத் தமிழில் எழுதி இணையதளத்தில் வைக்கிறார். மோட்டார் ஏன் சூடாகிறது, எந்தச் சுற்றில் பிழை, எப்படிச் சரி செய்வது என்று எளிய தமிழில், படத்தோடு. உழவர் படிக்கிறார். தொழில் பழகும் இளைஞர் படிக்கிறார். படிக்கிறவரிடம் அவர் காசு கேட்பதில்லை. பக்கத்தின் ஓரத்தில் விளம்பரம் வருகிறது. அதில் வரும் காசுதான் அவருடைய இரவு உழைப்புக்குக் கூலி.

இந்த விளம்பரத்தை அவர் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கவில்லை. நடுவில் ஒரு தரகர் இருக்கிறார். உலகம் அறிந்த பெருந்தரகர், கூகுள். 2003-இல் ஆட்சென்ஸ் என்ற ஏற்பாட்டை அந்நிறுவனம் தொடங்கியது. தமிழில் எழுதும் தளங்களுக்கு அந்தக் கதவு திறந்தது 2018-இல். விளம்பரம் தருகிறவர் தரகரிடம் பணம் கட்டுகிறார். தரகர் தம் பங்கை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 68 விழுக்காட்டைத் தளத்துக்காரருக்குத் தருகிறார். அதுவும் அன்றாடம் அல்ல. கணக்கில் 100 டாலர் சேர வேண்டும். சேர்ந்தால் மறுமாதம் 21-ஆம் தேதிக்கு மேல் அனுப்புவார்கள். நம் காயில் கட்டும் தோழருக்கு 100 டாலர் சேர எத்தனை இரவு விழிக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்!

அந்த நூறு டாலர் சேரும் வேளையில் வருகிறான் எதிரி. ஒரே இரவில் அந்தத் தளத்து விளம்பரங்களை ஆயிரக்கணக்கில் சொடுக்குகிறான். கையால் சொடுக்கிக் கை ஓய்ந்து போகத் தேவையில்லை. அதற்கென்றே நிரல் இருக்கிறது. பாட் என்கிறார்கள். உறங்காது, உண்ணாது, களைக்காது. காலையில் தோழர் கண் விழித்துக் கணக்கைப் பார்க்கிறார். வருமானம் வானத்தில் ஏறி நிற்கிறது! "ஆகா! ஊர் உலகமெல்லாம் நம் எழுத்தைப் படிக்கிறதே!" என்று மகிழ்கிறார். அந்த மகிழ்ச்சி எத்தனை நாள்? ஒரு மின்னஞ்சல் வரும் வரை. "செல்லாத சொடுக்குகள் உங்கள் கணக்கில் காணப்படுகின்றன. கணக்கு முடக்கப்படுகிறது." அவ்வளவுதான்! கள்ளச் சொடுக்கின் காசு போயிற்று, சரி. நல்ல சொடுக்கின் காசும் போயிற்று. நாளை வரவேண்டிய காசும் போயிற்று.

யார் செய்வது இந்தக் கேடு? மூவகையினர்.

முதல்வன், போட்டியாளன். தன் எழுத்தால் வெல்ல முடியாதவன், அடுத்தவன் அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிறான். புரிகிறது.

இரண்டாமவன், மிரட்டிப் பறிப்பவன். இது பழைய பேட்டை ரவுடியின் மாமூல் வசூல்தான், புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் வெளியான செய்தியைக் கேளுங்கள். தளம் நடத்துவோருக்கு மின்னஞ்சல் வருகிறது: "5,000 டாலரை பிட்காயினாகக் கொடு. கொடுக்காவிட்டால் உன் தளத்து விளம்பரங்களின்மேல் போலிச் சொடுக்கு மழை பொழிவேன். கூகுள் உன் கணக்கை முடக்கும்." கத்தி வேண்டாம், கட்டாரி வேண்டாம், ஒரு மடல் போதும்! இந்த மிரட்டல் எப்படிப் பலிக்கிறது? மிரட்டுபவனின் பலத்தால் அல்ல. "குற்றம் செய்யாவிட்டாலும் தண்டிக்கப்படுவோமோ" என்ற அச்சம் நல்லவன் நெஞ்சில் இருக்கிறதே, அதனால் பலிக்கிறது. இத்தகைய நாசவேலையைத் தம் பொறிகளே கண்டுபிடித்துக் கழித்துவிடும் என்றும், நடைமுறையில் இது பெரும்பாலும் பலிக்காது என்றும் நிறுவனம் சொல்கிறது. சொல்லட்டும், நம்பவும் தயார். ஆனால் கழித்தது எவ்வளவு, விட்டது எவ்வளவு என்று கூலிக்காரன் பார்க்கும்படி ஒரு கணக்கு உண்டா?

மூன்றாமவன் யார் தெரியுமா? வியப்படையாதீர்கள். நண்பன்! "நம்ம அண்ணன் தளமாச்சே! நாலு சொடுக்கு கூடப் போட்டால் அவருக்கு நாலு காசு சேருமே!" என்று உட்கார்ந்து, பாசத்தோடு, ஓயாமல் சொடுக்குகிறான். தோழர்களே, நம்மிடையே இந்த மூன்றாம் வகையினர்தான் மிகுதி. நமக்கு வேண்டியவர் என்றால் வாரி வழங்கும் மனம் நமக்கு. ஆனால் தரகரின் பொறிக்குப் பாசம் தெரியாது. ஒரே கணினியிலிருந்து இருபது சொடுக்கு வந்தால், அது பாசமா, மோசமா என்று அது கேட்காது. கள்ளச் சொடுக்கு என்றே எழுதிக்கொள்ளும். பகைவன் செய்யும் கேட்டைப் பாசம் செய்துவிடக்கூடாது.

"ஒரு விரல் அசைவுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று கேட்கத் தோன்றும். விரல் சிறிது, விளைவு பெரிது. வரலாற்றைப் பாருங்கள்.

சொடுக்குக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் முறையை 1998-இல் கோட்டூ என்ற கலிபோர்னிய நிறுவனம் பரப்பியது. முறை வந்தது, பின்னோடு மோசடியும் வந்தது. ஆறே ஆண்டுகளில், 2004-இல், நம் நாட்டு ஆங்கில நாளேடு ஒன்று செய்தி வெளியிட்டது: இல்லத்தரசிகள், பட்டதாரிகள், வேலையில் இருப்போர்கூட வீட்டில் உட்கார்ந்து விளம்பரங்களைச் சொடுக்கி, மாதம் 100, 200 டாலர் ஈட்டுகிறார்கள் என்று. அவர்களையா நான் குற்றம் சொல்வேன்? படித்த பெண்ணுக்கு வேலையில்லை. வீட்டில் அடுப்பெரிய வேண்டும். "சொடுக்கு, காசு தருகிறேன்" என்கிறான் ஒருவன். சொடுக்கியவள் கண்டது கூலி. சொடுக்க வைத்தவன் கண்டது கொள்ளை. விரலை வாடகைக்கு எடுத்தவன் திரைக்குப் பின்னால்!

அதே 2004 டிசம்பரில், கூகுள் நிறுவனத்தின் நிதிப் பொறுப்பில் இருந்த ஜார்ஜ் ரெய்ஸ், இந்த மோசடி தங்கள் தொழிலின் அடிப்படைக்கே ஆபத்து என்றும், விரைந்து ஏதாவது செய்தாக வேண்டும் என்றும் பொது மேடையில் சொன்னார். பெட்டி வைத்திருப்பவரே "பெட்டியில் ஓட்டை இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டார்!

பிறகு வந்தார்கள் பெருந்திருடர்கள். எஸ்டோனியா நாட்டில் ஒரு கும்பல். நூறு நாடுகளுக்கு மேல், ஏறத்தாழ 40 லட்சம் கணினிகளில் நச்சு நிரலைப் புகுத்தினார்கள். கணினிக்கு உரியவர் ஒரு முகவரிக்குப் போக நினைப்பார். நிரல் வேறிடத்துக்கு இழுத்துப் போகும். செய்தித்தாளின் தளத்தைத் திறப்பார். அங்கே அத்தளத்தார் வைத்த விளம்பரம் மறைந்து, கும்பல் வைத்த விளம்பரம் தெரியும். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஏட்டின் முகப்பிலேயே இப்படி விளம்பரத்தை மாற்றினார்கள். ஏடு நடத்துகிறவன் ஒருவன், காசு எண்ணுகிறவன் இன்னொருவன்! குறைந்தது 1 கோடியே 40 லட்சம் டாலர் சுருட்டினார்கள். 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வளைத்தது. தலைவனுக்கு 2016-இல் 7 ஆண்டு 3 மாதச் சிறை.

அடுத்து ஒருவர், ரஷ்யரான அலெக்சாந்தர் ஷுக்கோவ். அவர் பிறர் கணினியைத் தொடவில்லை. 1,900-க்கு மேற்பட்ட செர்வர்களை வாடகைக்கு எடுத்தார். அவற்றை மனிதர்போல் நடிக்க வைத்தார். மவுஸ் நகர்வதுபோல் நடிப்பு. பக்கத்தைப் புரட்டுவதுபோல் நடிப்பு. படத்தைப் பாதியில் நிறுத்துவதுபோல் நடிப்பு. பார்க்க ஆளே இல்லாத கொட்டகையில் படம் ஓட்டி, அரங்கு நிறைந்தது என்று பலகை மாட்டியதுபோல! அதற்குமேல் ஒரு கொடுமை: 5,000-க்கு மேற்பட்ட உண்மைத் தளங்களின் பெயரைப் போலியாகப் போட்டுக்கொண்டு அவர்கள் பெயரில் விளம்பர இடம் விற்றார். 70 லட்சம் டாலருக்கு மேல் ஏப்பம்! தம்மை "மோசடி மன்னன்" என்று தாமே அழைத்துக்கொண்டார். 2021-இல் நியூயார்க் நீதிமன்றம் அந்த மன்னருக்கு அளித்த முடி, 10 ஆண்டுச் சிறை.

பெருந்திருடர் பிடிபட்டார்கள், மகிழ்ச்சி. ஆனால் நம் கேள்வி அதுவல்ல. இத்தனை திருட்டுக்கும் நடுவில், நட்டத்தை யார் தலையில் ஏற்றுகிறார்கள் என்பதே கேள்வி.

முதலில் அழுதவர்கள் விளம்பரம் கொடுத்தவர்கள். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு பரிசுப் பொருள் கடை. "போலிச் சொடுக்குக்கெல்லாம் எங்களிடம் காசு வாங்கினீர்களே" என்று 2005-இல் கூகுள் உள்ளிட்ட நிறுவனங்கள் மீது வழக்கு. 2006-இல் கூகுள் 9 கோடி டாலருக்கு உடன்பட்டது. அதில் 3 கோடி வழக்கறிஞர்களுக்கு! மிச்சமாவது காசா? இல்லை. மறுபடியும் அவர்களிடமே விளம்பரம் செய்துகொள்ள வரவு. "என் கடைச் சோற்றில் கல்லா? சரி, நாளைக்கும் இங்கேயே வந்து சாப்பிடு, பாதி விலை" என்பதுபோல! ஆயினும் கேட்டார்கள், ஏதோ கிடைத்தது.

அடுத்துக் கேட்டவர்கள் தளம் நடத்துவோர். 2014-இல் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார்கள். "கணக்கை முடக்குகிறீர்கள், சேர்ந்திருக்கும் பணத்தையும் நிறுத்திக்கொள்கிறீர்கள், இது என்ன நியாயம்?" என்று கேட்டார்கள். 2018-இல் 1 கோடியே 10 லட்சம் டாலர் உடன்பாட்டில் முடிந்தது. தனியாகக் கேட்டபோது மின்னஞ்சல்தான் வந்தது. சேர்ந்து கேட்டபோது பணம் வந்தது. தொழிற்சங்கம் கண்டவர்களுக்கு இந்தப் பாடத்தை நான் விளக்க வேண்டுமா?

நிறுவனத்தின் தரப்பையும் கேட்போம். கேட்காமல் தீர்ப்புச் சொல்வது நம் வழக்கமல்ல. அவர்கள் சொல்வது: "கள்ளனைக் கண்டுபிடிக்கும் வழியை நாங்கள் வெளியில் சொன்னால், கள்ளன் அதைக் கற்றுக்கொண்டு தப்பிவிடுவான். ஆகவே விவரம் தர முடியாது. விளம்பரதாரர் காசை இயன்றவரை திருப்பித் தருகிறோம். முடக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம், அதற்குப் படிவம் இருக்கிறது." இதில் பொய்யில்லை. 2006-இல் அந்த வழக்குக்காக ஆராய்ந்த நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாந்தர் துஷிலின், நிறுவனத்தின் முயற்சி நியாயமானதே என்றார். வழிமுறையை வெளியிட்டால் திருடர்க்குப் பயன்படும் என்ற சிக்கலையும் எடுத்துக் காட்டினார்.

நன்று! பூட்டின் நுட்பத்தை வெளியிட வேண்டாம். யார் கேட்டார்கள் அதை? நாங்கள் கேட்பது கணக்கு! எந்த நாளில், எந்த நாட்டிலிருந்து, எத்தனை கள்ளச் சொடுக்கு? இதைச் சொன்னால் எந்தப் பூட்டு உடையும்? தேர்தலிலும் ரகசியம் உண்டு. யார் யாருக்குப் போட்டார் என்பது ரகசியம். ஆனால் எண்ணிக்கை ரகசியமா? முகவர்களை உட்கார வைத்து, அவர்கள் கண்முன் அல்லவா எண்ணுகிறார்கள்! வாக்கு ரகசியம், எண்ணிக்கை வெளிச்சம். அதுதானே நேர்மை!

தேர்தல் சட்டத்தையே இன்னும் கொஞ்சம் பாருங்கள். சாவடியில் ஒருவர்மீது ஐயம் வந்தால், 2 ரூபாய் கட்டி முகவர் ஆட்சேபிக்கலாம், அங்கேயே விசாரணை. வென்றவர்மீது புகார் என்றால், 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு; இருதரப்பு வாதம்; சாட்சி; தீர்ப்பு. அதைவிட முக்கியமானது, 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 100-ஆம் பிரிவு. முறைகேடு நடந்தது என்றவுடன் வென்றவனைத் தூக்கி எறிவதில்லை. அதைச் செய்தது வேட்பாளரா? அவருடைய தேர்தல் முகவரா? வேறொருவர் என்றால், அவர் இசைவோடு நடந்ததா? இல்லையேல் முடிவையே அது மாற்றியதா? இத்தனையும் கேட்கிறது சட்டம்.

இசைவு! அந்த ஒரு சொல்லைத்தான் நாங்கள் கேட்கிறோம். காயில் கட்டும் தோழரின் தளத்தில் ஆயிரம் கள்ளச் சொடுக்கு விழுந்தது உண்மை. அவர் இசைவோடு விழுந்ததா? அதைக் கேட்டீர்களா? கேட்காமல் கூலியை நிறுத்துவது எந்த ஊர் வழக்கம்? தறியில் எவனோ அமிலம் ஊற்றினான் என்பதற்காக, நெசவாளியின் வாரக் கூலியைப் பிடிக்கலாமா?

ஐரோப்பாவில் ஒரு விதி செய்தார்கள். 2019-இல் நிறைவேறி, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இணையச் சந்தையில் கடை போட்டிருக்கும் சிறு வணிகரை மேடைக்காரர் வெளியேற்றுவதானால், காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். முற்றாக விலக்குவதானால் பொதுவாக 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். குறை கேட்க ஏற்பாடு வேண்டும். கேட்கவே இனிக்கிறது! ஆனால் அந்த விதியின் முதல் பிரிவிலேயே ஒரு விலக்கு: இணைய விளம்பரக் கருவிகளுக்கும் விளம்பரச் சந்தைகளுக்கும் இது பொருந்தாது! பந்தல் போட்டார்கள், பரிமாறினார்கள், விளம்பரக் கூலிக்காரன் வந்தபோது மட்டும் இலை தீர்ந்துவிட்டது என்கிறார்கள்.

ஆகவே நம் கோரிக்கை மூன்று. கணக்கைக் காட்டு: நாள், நாடு, எண்ணிக்கை. இசைவைக் கேள்: முடக்கும் முன் விளக்கம் சொல்ல வாய்ப்பளித்து, மனிதர் ஒருவர் அதைப் படித்துப் பார். மூன்றாவது, எல்லாவற்றிலும் எளியது: கள்ளச் சொடுக்கைக் கழித்துக்கொள், நல்ல சொடுக்கின் கூலியைக் கொடு!

கோரிக்கை வெல்லும் வரை கைகட்டி இருப்பதா? கூடாது. சாவடிக்குக் காவல் போடுவதுபோல, தளத்துக்கும் காவல் போட வேண்டும். தளம் நடத்தும் தோழர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தளத்து விளம்பரத்தை நீங்கள் சொடுக்காதீர்கள். வீட்டாரையும் விடாதீர்கள். "விளம்பரத்தைச் சொடுக்கி ஆதரவு தாருங்கள்" என்று எழுதவே எழுதாதீர்கள். அது விதிப்படியே குற்றம். ஆதரவு தர விரும்பும் நண்பர்களே, எழுத்தைப் படியுங்கள், நாலு பேருக்குச் சொல்லுங்கள். அது போதும்.

"ஆயிரம் பார்வையாளர் அனுப்புகிறேன், நூறு ரூபாய் கொடு" என்று வருவானே, அவனை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அவன் அனுப்புவது ஆளல்ல, ஆவி!

அன்றாடக் கணக்கைப் பாருங்கள். நூறு பேர் வந்தால் வழக்கமாக எத்தனை சொடுக்கு என்பது மனத்தில் இருக்கட்டும். படிப்பவர் எண்ணிக்கை அப்படியே இருக்க, சொடுக்கு மட்டும் ஏறினால், அது மகிழும் நேரமல்ல, மணி அடிக்கும் நேரம். உடனே விளம்பரத்தைப் பக்கத்திலிருந்து தற்காலிகமாக எடுத்து விடுங்கள். இரண்டு நாள் வருமானம் போகட்டும், கணக்கு பிழைக்கட்டும்.

செர்வர் பதிவேட்டைப் பத்திரப்படுத்துங்கள். எந்த ஐ.பி. எண்ணிலிருந்து, எந்த நேரத்தில், எத்தனை முறை என்பது அதில் இருக்கும். அதுதான் உங்கள் வாக்காளர் பட்டியல்! திரும்பத் திரும்ப வரும் எண்ணைத் தடுத்து வையுங்கள். நிறுவனம் குற்றம் சாட்டும் வரை காத்திராமல், செல்லாத சொடுக்குக்கென்று இருக்கும் படிவத்தில் நீங்களே முந்திக்கொண்டு எழுதுங்கள். முதலில் புகார் கொடுத்தவன் என்ற பதிவு இருக்கட்டும்.

உங்கள் பெயரைத் திருடி விற்பவனுக்கு எதிராக ஒரு காவல் இருக்கிறது. ஆட்ஸ் டாட் டி.எக்ஸ்.டி. என்ற சிறு கோப்பு. விளம்பரத் தொழிலின் தொழில்நுட்ப அமைப்பு 2017-இல் கொண்டு வந்தது. "என் தளத்து இடத்தை விற்க உரிமையுள்ளவர் இன்னின்னார் மட்டுமே" என்று அதில் எழுதித் தளத்தில் வைத்துவிட்டால், வாங்குகிறவர் சரிபார்த்துக்கொள்ளலாம். நான்கு வரி எழுதச் செலவில்லை. ஆனால் ஒன்று: அது பெயர்த் திருட்டைத் தடுக்கும், போலிச் சொடுக்கைத் தடுக்காது. ஒரே பூட்டு எல்லாக் கதவுக்கும் ஆகாது.

மிரட்டல் மடல் வந்தால் ஒரு காசு கொடுக்காதீர்கள். கொடுத்தவனிடம்தான் மறுபடி வருவான். மடலை அழிக்காமல் வைத்துக்கொண்டு, 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்லுங்கள். மிரட்டிப் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவின்படி குற்றம். நிறுவனத்துக்கும் அந்த மடலின் படியை அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, ஒரே தரகரின் கைபார்த்து வாழாதீர்கள். கோவையில் பம்புசெட் கடை இல்லையா? செம்புக் கம்பி விற்பவர் இல்லையா? அவரிடம் நேரில் போய், "மாதம் இவ்வளவு, என் தளத்தில் உங்கள் விளம்பரம்" என்று பேசுங்கள். மாத வாடகைக்குப் போட்ட விளம்பரத்தை எவன் எத்தனை முறை சொடுக்கினால் என்ன? உங்கள் கூலியில் ஒரு காசு குறையாது!

"ஆட்சென்ஸ் இப்போது சொடுக்குக்குக் காசு தருவதில்லையாமே, விளம்பரம் காட்டப்படுவதற்குத்தானே தருகிறதாமே?" என்று விவரம் தெரிந்த தோழர் கேட்பார். சரிதான். 2024 தொடக்கத்தில் அந்த மாற்றம் வந்தது. அதனால் கள்ளன் ஓய்ந்தானா? சொடுக்கைப் போலி செய்தவனுக்குப் பார்வையைப் போலி செய்யத் தெரியாதா? செல்லாத வருகை என்ற விதி அப்படியே இருக்கிறது. முடக்கும் அதிகாரம் அப்படியே இருக்கிறது. வாக்குச்சீட்டு போய் இயந்திரம் வந்தது என்பதற்காகச் சாவடிக் காவலைக் கைவிட்டோமா?

தோழர்களே! அந்த நூறு டாலர் பெருந்தரகருக்குத் தூசு. மோசடி மன்னர்களுக்கு ஒருவேளைச் சிற்றுண்டி. காயில் கட்டும் தொழிலாளிக்கு அது பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மனைவியின் மருந்து, நாளை இரவும் விழித்து எழுதலாம் என்ற தெம்பு. அந்தத் தெம்பு போனால் போவது அவர் கூலி மட்டுமல்ல. உழைப்பவன் தன் தொழிலைத் தன் மொழியில் எழுதி வைத்த ஒரு பக்கம் அணைந்து போகிறது. அந்த விளக்கு அணையாமல் காப்பதற்குத்தான் இத்தனை பேச்சு.

பெட்டியை நிரப்பியவனைத் தேடு! நிரப்பப்பட்டவனைத் தண்டிக்காதே!